பாணபுரத்துக்கு வந்த ஆடாத கை

பாணபுரத்தில் வலது கைகள் தாமாகவே தாளம் போடத் தொடங்கி முப்பத்தொரு வருடம் ஆகிறது என்று ஒரு கட்சியும், முப்பத்திரண்டு என்று இன்னொரு கட்சியும் அந்த ஊரில் உண்டு. ஆனால் அது ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை என்பதிலும், ஆற்றங்கரைச் சபாவில் சாயங்காலக் கச்சேரி முடிந்து, பாடியவர் மேடையைவிட்டு இறங்கி, காப்பி குடித்து, காரில் ஏறிப் போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்த நானூறு பேரின் கையும் தொடைமேல் விழுவதும் எழுவதுமாகவே இருந்தது என்பதிலும், மறுநாள் விடிவதற்குள் கச்சேரிக்கே வராதவர்கள், கச்சேரி என்றால் எழுந்து ஓடுகிறவர்கள், பால்காரர், தாசில்தார், தொட்டில் குழந்தை என்று ஊர் முழுக்க அது வந்துவிட்டது என்பதிலும் இரண்டு பேச்சே கிடையாது. ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டி ஒரு வீச்சு, மறுபடி தட்டி ஒரு வீச்சு. எட்டு எண்ணிக்கை முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. அறுபதாயிரம் கையும் ஒரே நேரத்தில் விழும், ஒரே நேரத்தில் எழும், தூங்கினாலும் நிற்காது.

இதை ஆராய அரசாங்கம் ஏழு பேர் கொண்ட குழுவை அனுப்பியது. ஊர் எல்லையான ரயில்வே கேட்டைத் தாண்டியதுமே ஏழு பேர் கையும் தாளம் போடத் தொடங்கிவிட்டதால் அறிக்கையை இடது கையால் எழுதினார்கள். அதை இன்றுவரை ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் அதற்குள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போயிருந்தார்கள். சவரக்காரர்களும் நர்சுகளும் இடது கைக்கு மாறினார்கள்; மெக்கானிக்குகள் ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டரை இடப்பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள்; தட்டு விழுகிற இடத்தில் பல்போல ஒரு கோடு துருத்தாத கையெழுத்தைக் கள்ளக் கையெழுத்து என்று வங்கி திருப்பி அனுப்பியது. சாப்பாட்டை மட்டும் இடது கைக்கு விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை, ஆகவே தட்டில் பிசைந்து, மூன்று விரல் எண்ணிக்கையில் உருட்டி, வீச்சில் வாய்க்குள் எறிந்துகொள்ளப் பழகினார்கள். ரசத்தை டம்ளரில் குடித்தார்கள். கல்யாணத்தில் மூன்று முடிச்சுக்கு மூன்று சுற்று ஆனது, நாகஸ்வரக்காரர்கள் காத்திருந்தார்கள். சண்டையில் அறை தட்டுக்குத்தான் விழும் என்பதால் எதிராளிக்குக் குனிய நேரம் கிடைத்தது, நாளடைவில் சண்டையே குறைந்துபோனது. இறந்தவர்களின் கை மட்டும்தான் நிற்கும், அதுவும் மூச்சு போன பிறகு இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டுவிட்டு. எனவே பாணபுரத்து டாக்டர்கள் நாடி பிடிப்பதில்லை, கையைப் பார்ப்பார்கள்.

முன்பே அது சங்கீதத்துக்குப் பேர்போன ஊர்தான். பெரிய வித்வான்கள் பிறந்த வீடுகளும், வீணை செய்கிற தெருவும், படித்துறையை ஒட்டிய சபாவும் பார்க்க எங்கெங்கிருந்தோ வேனிலும் பஸ்ஸிலும் வருவார்கள். கை ஆடத் தொடங்கியதிலிருந்து கூட்டம் இரட்டிப்பானது, அதிலும் சங்கீதம் தெரியாதவர்கள்தான் ஜாஸ்தி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேதாவியைப் போலவே தன் கையும் பிசகாமல் போடுகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? இரண்டு நாள் போட்டுவிட்டு, கேட்டைத் தாண்டியதும் நின்றுபோகிற கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து வந்த வசந்தாமணி சங்கீதத்துக்காக வரவில்லை. அவள் புருஷன் செங்கோட்டுவேல் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் இருபத்திரண்டு வருடம் ஆபரேட்டராக இருந்தவர். ஆந்திரா, ராஜஸ்தான் என்று போகாத இடமில்லை, போர் போடாத பாறையில்லை. லீவரில் வலது கையை வைத்தபடி, கீழே முந்நூறு அடியில் துளைப்பான் எந்தக் கல்லைத் தின்கிறது என்று கையின் அதிர்விலேயே சொல்லிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து அந்தக் கை விழுந்துவிட்டது. கோணிய வாய் மூன்று மாதத்தில் நேரானது, பேச்சு வந்தது, கால்கூடக் கொஞ்சம் இழுவையோடு வந்து சேர்ந்தது. கை மட்டும் வரவில்லை. வெயிலோ குளிரோ தெரியும், ஊசி குத்தினால் வலிக்கும், அசையாது. அவர் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். யாரோ விருந்தாளி விட்டுப்போன சாமானைப் போல அதை வைத்திருந்தாரே தவிர, இடது கையால் ஒருதடவைகூட அதைத் தொட்டதில்லை; பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர் தொட்டுத் தூக்கச் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டார். எண்ணெய் போட்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டி, தினமும் காலையில் ஒருமணி நேரம் அதோடு மல்லுக்கட்டியது வசந்தாமணிதான். இரண்டு வருடத்தில் ஒருநாள் தவறவிட்டதில்லை.

பாணபுரம் பற்றிச் சொன்னவன் பூபதி. பதினான்கு வருடம் அவரோடு ரிக் லாரி ஓட்டியவன், வேறு வண்டிக்குப் போன பிறகும் வாரத்துக்கு ஒருதரம் அண்ணனைப் பார்க்க வருகிறவன்.

"அக்கா, நான் கண்ணுல பாத்ததச் சொல்றனுங்க" என்றான். "அந்தக் கேட்டத் தாண்டுனா எவன் கையா இருந்தாலுஞ் செரி, சோத்தாங்கை தானா ஆடுது. என்ற கையே நாலு நாள் ஆடுச்சு. வாதம் வந்து படுத்த படுக்கையாக் கெடக்கறவிய மூணு பேருங்க அந்த ஊர்ல. அவிய கையும் ஆடுது."

"நெசமாவா சொல்றே?"

"போர்வைக்குள்ளார ஆடுதுங்கக்கா. போர்வை ஏறி எறங்குது."

வசந்தாமணி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள். "அது தாளம் போடுதோ தவுலு அடிக்குதோ, எனக்கு ஆடோணும். வியாழக்கெழம போறோம்."

"கச்சேரி கேக்கற மூஞ்சியா இது?" என்றார் செங்கோட்டுவேல். அவர் பேச்சை யார் கேட்டார்கள்.

பூபதியின் ஆம்னி வேனில் விடிகாலையில் கிளம்பினார்கள். நாமக்கல் தாண்டி, முசிறியில் ஆற்றங்கரையைப் பிடித்து, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போனார்கள். மற்றவர்கள் ஜன்னலில் கோயிலும் குளமும் பார்த்தால் செங்கோட்டுவேலுக்குத் தெரிந்ததெல்லாம் நிலத்துக்கு அடியில் இருப்பதுதான். "இங்க நூத்தி நாப்பதுல கருங்கல்லு." "இந்தத் தோட்டத்துல எண்ணூறு அடி போட்டும் புழுதிதான் வந்துச்சு, அந்த மனுசன் வரப்புல உக்காந்து அழுதான்." திருச்சியில் ஆற்றைக் கடந்து கிழக்கே திரும்பி, வயலும் வாய்க்காலுமாகப் பச்சை விரிந்ததும் அவருக்குச் சுவாரசியம் போய்விட்டது. "நாப்பது அடில தண்ணி. நம்ம பொழப்புக்கு ஆகாத ஊரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வசந்தாமணி கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு மைல்கல்லிலும் பாணபுரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று பார்த்தபடியே வந்தாள்.

கேட்டடியில் உள்ளூர் டிரைவர்கள் காத்திருப்பார்கள். ஒற்றைக் கையால் வளைத்து ஓட்டுவதில் கில்லாடிகள். பூபதி அவர்களில் ஒருவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து உட்கார்ந்தான். தண்டவாளத்தில் வண்டி இரண்டுமுறை குலுங்கியது. வசந்தாமணியின் வலது கை அவளைக் கேட்காமலே எழுந்து மடியில் விழுந்தது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று பிறந்ததிலிருந்து பழகியதுபோல் எண்ணத் தொடங்கியது. பூபதியின் கையும் ஆடியது. ரோட்டோரத்தில் பூ கட்டுகிறவள் கையும், மரத்தடியில் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு தூங்குகிறவர் கையும் ஆடின. வசந்தாமணி இடது கையை நீட்டித் துண்டை விலக்கினாள்.

செங்கோட்டுவேலின் கை வைத்த இடத்தில் இருந்தது.

"கொஞ்ச நேரம் ஆகும்போல" என்றாள். வண்டி தேரடி தாண்டி, சபா தாண்டி, வீணைக்காரத் தெரு தாண்டி, லாட்ஜ் வாசலில் நின்றது. "ஊருக்கு நட்ட நடுவுல போனா ஆடுமாட்ட இருக்குது" என்றாள். அன்று மத்தியானம் ஊருக்கு நட்ட நடுவிலும் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆற்றில் முக்கிப் பார்த்தாள். சபாவில் முதல் வரிசையில் உட்காரவைத்து ஒரு முழுக் கச்சேரிக்கும் பாட்டைக் கேட்காமல் துண்டின் ஓரத்தைத் தூக்கி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி ஆயிரம் கை விழுந்து எழுந்தது.

"மூடு" என்றார் அவர். அவள் மூடினாள்.

மறுநாள் காலை தையல்நாயகி மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஊர் அதைக் கவனித்தது. ஃபேன் காற்றில் துண்டு நழுவி விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் வாய்க்கு எறிந்த இட்லி மூக்கில் பட்டது. பரிமாறுகிறவர் வாளியோடு நின்றுவிட்டார். மெஸ்ஸில் பேச்சு அடங்கி, நாற்பது கைகள் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஊரில் அசையாத வலது கை என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"உசுரோடதான் இருக்காரா?" என்று யாரோ வசந்தாமணியிடம் ரகசியமாகக் கேட்டார்கள்.

"இன்னும் ரெண்டு இட்லி வெய்யிங்க, தெரிஞ்சுபோயிரும்" என்றார் செங்கோட்டுவேல்.

ஆனாலும் பயம் பயம்தான். லாட்ஜ் வாசலில் சாம்பிராணி போட்டார்கள். அவர் போகிற தெருவில் கர்ப்பிணிகளை உள்ளே போகச் சொன்னார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, பிறப்பு இறப்புப் பதிவேட்டில் இவரை எதில் சேர்ப்பது என்று விசாரித்தார். பக்கவாதத்தில் படுத்திருந்த மூன்று பேரின் வீட்டார் வந்து, தங்கள் ஆளின் கை ஒழுங்காக ஆடுகிறது என்று சற்றுப் பெருமையோடு சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெருமை வசந்தாமணிக்கு எங்கே சுட்டது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பயத்தை முதலில் உடைத்தவள் தையல்நாயகி. ஐம்பது வயது, மெஸ்ஸை விட்டால் வேறு உலகம் இல்லாதவள், கேட்டைத் தாண்டி எங்கும் போனதில்லை. சாயங்காலம் கடையை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு லாட்ஜுக்கு வந்து, செங்கோட்டுவேலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கையக் கொஞ்சம் என் தலைமேல வைக்கணும்."

"என்னத்துக்கு?"

"எனக்குக் கல்யாணமானப்போ முந்நூறு பேரு ஆசீர்வாதம் பண்ணாங்க. எல்லாரும் தட்டுதட்டுன்னு தட்டித் தலையே வீங்கிப்போச்சு. அவரு போனப்பவும் வந்தவங்க எல்லாம் தோளத் தட்டினாங்க, எண்ணினாங்க, வீசினாங்க, போயிட்டாங்க. ஒருத்தர் கையாச்சும் வச்ச எடத்துல இருக்கணுமே. இடது கையக் கேக்க முடியுமா? நல்லாவா இருக்கும்?"

செங்கோட்டுவேலுக்குக் கோபம்தான் வந்தது. தன் கை செத்தது என்று ஊரே பயந்தது போதாதென்று அதைக் கடன் கேட்கவும் வந்துவிட்டார்களே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தையல்நாயகி எழுந்து போகவில்லை, அழவும் இல்லை. கடைத்தெருவில் திறக்காத கடை முன்னால் நிற்கிறவளைப் போலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவர் வசந்தாமணியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தன் இடது கையால் அவர் கையைத் தூக்கித் தையல்நாயகியின் தலையில் வைத்தாள்.

கை அங்கேயே இருந்தது. தெருவில் ஊர் தட்டியது, வீசியது, மறுபடி தட்டியது. தையல்நாயகியின் கையும் தரையில் தட்டிக்கொண்டுதான் இருந்தது. தலைமேல் இருந்த கை மட்டும் எதையும் எண்ணவில்லை. பத்து நிமிடமோ என்னவோ கழித்து, "சும்மா இருக்கு" என்றாள் அவள். ஊர் முழுக்கப் பரவியது அந்த இரண்டு வார்த்தைதான்.

மூன்றாம் நாள் காலையில் லாட்ஜ் வாசலில் இருபது பேர். மத்தியானம் வரிசை தேரடி வரை போனது. குழந்தை பெற்றவள் வந்தாள், பரீட்சை எழுதப் போகிறவள் வந்தாள், சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். சிலர் தலையில் வைக்கச் சொன்னார்கள், சிலர் நெற்றியில், ஒரு போலீஸ்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு முதுகில். ஒருவர்கூட வியாதி தீரவேண்டும் என்றோ வேலை கிடைக்கவேண்டும் என்றோ கேட்கவில்லை. அது வரம் கொடுக்கிற கை இல்லை, சும்மா இருக்கிற கை என்பது ஊருக்கு அதற்குள் புரிந்திருந்தது. காத்திருக்கிறவர்களுக்கு நிழலுக்காகப் பந்தல் போட்டார்கள், மோர் ஊற்றினார்கள். ஒரு நபருக்கு எட்டுச் சுற்று என்று நேரம் வகுத்தார்கள், அதை எண்ணுவதற்குத்தான் எல்லோரிடமும் கை இருக்கிறதே. ஒவ்வொரு தலைக்கும் அந்தக் கையைத் தூக்கிவைத்து, எட்டுச் சுற்று முடிந்ததும் எடுத்து, அடுத்த தலைக்கு வைத்தது வசந்தாமணி.

சபா செயலாளர் பஞ்சாபகேசன் அன்று சாயங்காலம் கோபமாக வந்தார். ஞாயிற்றுக்கிழமை வருஷ உற்சவம். பெரிய வித்வான்கள் மேடையில் இருக்கும்போது எதிரே ஒரு கை தாளம் போடாமல் கிடந்தால் கணக்குத் தப்பிவிடும் என்று மிருதங்கக்காரர்கள் முறையிட்டிருந்தார்கள். நேரே உள்ளே போகப் பார்த்தார்.

"வரிசையில வாங்க சார்" என்றார்கள்.

"நான் அதுக்கு வரலை. ஆட்சேபணை சொல்ல வந்திருக்கேன்."

"ஆட்சேபணையும் வரிசையிலதான் சார்."

நான் வரிசையில் இல்லை, நான் வரிசையில் இல்லை என்று முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் சொல்லிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று முன்னால் வந்து சேர்ந்தார். "உற்சவத்துக்கு நீங்க வரலாம், வேண்டாம்னு சொல்லலை" என்றார். "கடைசி வரிசையில உக்காந்துண்டு, கையை அந்தத் துண்டால மூடிக்கணும். அவ்வளவுதான்."

இரண்டு வருடமாகத் தானே மூடிவைத்திருந்த மனுஷர்தான் செங்கோட்டுவேல். ஆனால் அடுத்தவன் மூடச் சொன்னால் அது வேறு விஷயம் இல்லையா? துண்டை இடது கையால் இழுத்து மடக்கி வசந்தாமணியிடம் கொடுத்தார். "குனிங்க" என்றார்.

பஞ்சாபகேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பின்னால் ஐம்பது பேர் நிற்பது ஞாபகம் வந்து குனிந்தார். வசந்தாமணி கையை வைத்தாள். ஐந்தாவது சுற்றில் அவர் தோள் குலுங்கியது. "எங்கப்பா போறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு, தலையில கை வச்சார்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "நாலு தட்டு விழுந்தது. அதுல எது ஆசீர்வாதம், எது தாளம்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியலை." எட்டுச் சுற்று முடிந்தது, பின்னால் நின்றவர்கள் எண்ணிக்கையை மறந்ததுபோல் இன்னும் எட்டுச் சுற்று விட்டுக்கொடுத்தார்கள்.

உற்சவத்தில் செங்கோட்டுவேல் முதல் வரிசையில் உட்கார்ந்தார், துண்டில்லாமல். யாருக்கும் கணக்குத் தப்பவில்லை. அன்றே பஞ்சாபகேசன் ஆற்றங்கரையில் காலியாகக் கிடந்த வித்வான் வீடு ஒன்றை அவர்களுக்குத் தருவதாகச் சொன்னார். எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம், சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்துவிடும், ஊர் உங்களை விடாது. செங்கோட்டுவேலின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ரிக்கை விட்டு இறங்கியதிலிருந்து வசந்தாமணி பார்க்காத சிரிப்பு. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் வீட்டுச் சாவியை வாங்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு நாளாகத் தன் வலது கை ஒத்துழைக்காததால் இடது கையாலேயே அவர் விரல்களை மடக்கி நீட்டப் பழகியிருந்தாள்.

"இன்னிக்கு உட்டுரு" என்றார்.

"ஏனுங்க? வலிக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வசந்தாமணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்த மனுஷர் எதற்குப் பயப்படுகிறார் என்பது அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இங்கே இந்தக் கையில் சுண்டுவிரல் அசைந்தால்கூடப் போதும், பந்தல் பிரிந்துவிடும்.

"ஓஹோ" என்றாள். "அப்ப ஆடிருமோன்னு பயமாக்கும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு வருசமுங்க. விடிஞ்சா எண்ணெய், பொழுதடைஞ்சா ஒத்தடம். இன்னிக்கு அசையும் நாளைக்கு அசையும்னு இந்தக் கைய மடியில வச்சுட்டு நான் கும்புடாத சாமியில்ல. இந்த ஊரு ஆடாத கையக் கும்புடுது. கும்புடட்டும். அவிய எட்டுச் சுத்து நின்னு பாத்துட்டு ஊட்டுக்குப் போயிர்றாங்க. உங்குளுக்குச் சோறு ஊட்டறது யாரு? சட்டை பட்டன் போடறது யாரு? ஆடாம இருந்தாத்தான் மருவாதின்னு நீங்களே முடிவு பண்ணிப்போட்டா, அப்பறம் நான் இத்தன நாள் யாருக்குப் பண்ணுனேன்?" சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கப் போனாள், கை முகத்துக்கு வராமல் தொடைக்குப் போய்த் தட்டியது. "பாருங்க, அழுதாத் தொடைக்கக்கூட உடமாட்டீங்குது இந்தக் கெரகம் புடிச்ச ஊரு."

கீழே பந்தலுக்குள் மோர்ப் பானையை இறக்குகிற சத்தம் கேட்டது. "பூபதியக் கூப்புடு" என்றார் செங்கோட்டுவேல். "வண்டிய எடுக்கச் சொல்லு."

ஊர் தடுத்தது, கெஞ்சியது, பஞ்சாபகேசன் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேனுக்கு முன்னாலேயே நின்றார். தையல்நாயகிதான் அவரை விலக்கினாள். "அவங்க வீட்டுக் கை சார் அது, நம்ம ஊர்க் கையா?" என்றாள். வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். வேன் கிளம்பியபோது தெரு இருபுறமும் நின்றவர்கள் கையசைத்து வழியனுப்பப் பார்த்தார்கள், வீச்சு வருகிறபோதுதான் முடிந்தது.

தண்டவாளத்தில் வண்டி குலுங்கியது. மூன்று விரல் எண்ணி முடித்த இடத்தில் வசந்தாமணியின் கை நின்றது. இதை அவள் எதிர்பார்த்திருந்தாள்தான், ஆனாலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒன்று காதைவிட்டுப் போனதும், இத்தனை நேரம் தன்னைச் சுற்றி எவ்வளவு சத்தம் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. நாலு நாள் ஓயாமல் ஆடிய தோள்பட்டை விண்ணென்று வலித்தது. பூபதி ஸ்டியரிங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தினான்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். செங்கோட்டுவேல் காலை இழுத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தார், கை பக்கத்தில் தொங்கியது. ஒருவரும் அதை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. ஒருத்தர் மட்டும் பார்த்துவிட்டு, பாவம் என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே அது வெறும் விழுந்துபோன கை.

வசந்தாமணி டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு அவருக்குக் கீழே, பெஞ்சை ஒட்டி இருந்த கல்லில் உட்கார்ந்தாள். அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊரே வரிசைல நின்னுச்சு" என்றார். "நீ மட்டும் நிக்கல."

"நான் நின்னா ஆரு தூக்கி வெக்கறது?"

அவர் இடது கையை நீட்டித் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தார். முதலில் சும்மா பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார், கொதிக்கிற பாத்திரமா ஆறியதா என்று தெரியாமல் தொடுகிறவரைப் போல. பிறகு தூக்கினார். பாதியில் நழுவியது, மறுபடி பிடித்தார். பூபதி பதறி எழுந்தவன் என்ன நினைத்தானோ, அப்படியே உட்கார்ந்துவிட்டான். கை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆடி, கடைசியில் வசந்தாமணியின் தலையில் தொப்பென்று விழுந்தது. அங்கேயிருந்து சரிந்து தோளுக்கு வந்து தங்கியது.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது; துடைக்கக் கை வந்தது, இப்போது அவள் துடைக்கவில்லை.

"நாளைக்குக் காலைல எண்ணெய் போட்டு உடு" என்றார் அவர். "ஆடுனா ஆடட்டும்."

"செரிங்க."

லெவல் கிராசிங்கில் மணி அடித்தது, கேட் இறங்கியது, நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று போகத் தொடங்கியது. அது முழுக்கப் போய் முடிந்த பிறகும் கை அவள் தோளில்தான் இருந்தது.

"கனக்குதா?" என்று கேட்டார்.

"கனக்குதுங்க."

"எடுத்துரட்டுமா?"

"எடுத்தீங்கன்னாத் தெரியும் சேதி" என்றாள் வசந்தாமணி.